பழைய எலக்ட்ரிக் எஸ்.யூ.வி. வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியின் ஜாதகத்தைப் பாருங்கள்!

பழைய லேப்டாப் வாங்கப் போகும் நண்பர்களும் உறவினர்களும் என்னைத் துணைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். "ஸ்கிரீனைப் பாருங்க சார், ஒரு கீறல் இல்லை" என்று கடைக்காரர் சொல்லிக் கொண்டிருக்கும்போதே நான் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎப்ஜி என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று அடித்து என்டர் தட்டி விடுவேன். விண்டோஸ் 8 தொடங்கி எல்லா விண்டோஸ் பதிப்புகளிலும் இந்தக் கட்டளை உண்டு. கிடைக்கும் அறிக்கையில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். டிசைன் கெபாசிட்டி என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது அதன் கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைய கொள்ளளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதம் உயிர் இருக்கிறது என்று தெரிந்து விடும். பிறகுதான் விலை பேச ஆரம்பிப்பேன்.

இந்தப் பழக்கம் தெரிந்ததால்தான் புதுக்கோட்டையிலிருந்து மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்குச் சிறுநீரக வைத்தியம் திருச்சியில் நடக்கிறது. வாரம் இரண்டு முறை போய்வர வேண்டும். ஒரு முறை போய்வந்தால் 110 கி.மீ. வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. பெட்ரோல் காரும் அதே கதைதான். ஓய்வூதியப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டு பழைய எலக்ட்ரிக் எஸ்.யூ.வி. ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருந்தார்.

"மாப்ளே, நாலு வயசு வண்டி, 38 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கு. ஒன்பதே முக்கால் லட்சம் சொல்றாங்க. நீ லேப்டாப்புக்குப் பார்ப்பியே, அந்த மாதிரி இதுக்கும் பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். பார்த்ததையும், பார்த்த விதத்தில் நான் செய்ய இருந்த ஒரு பெரிய தவறையும் இங்கே எழுதுகிறேன். வண்டியின் பெயரும் விற்றவரின் பெயரும் வேண்டாம். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

யூனிட் கணக்கு

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்வோம். எலக்ட்ரிக் வண்டியின் பேட்டரி அளவை கிலோவாட் அவர் என்று எழுதுவார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் அது. 40 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 40 யூனிட் மின்சாரம் பிடிக்கும் தொட்டி.

நம் நாட்டில் பழைய வண்டிச் சந்தைக்கு வந்திருக்கும் எலக்ட்ரிக் எஸ்.யூ.வி.கள் பெரும்பாலும் 2019க்குப் பிறகு வந்தவை. ஹூண்டாய் கோனா 2019 ஜூலையில் 39.2 யூனிட் பேட்டரியுடன் வந்தது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் ஈ.வி. 30.2 யூனிட்டுடனும், எம்.ஜி. இசட்.எஸ். ஈ.வி. 44.5 யூனிட்டுடனும் வந்தன. எம்.ஜி. 2022ல் தன் பேட்டரியை 50.3 யூனிட் ஆக்கியது. மஹிந்திராவின் எக்ஸ்.யூ.வி.400 வண்டி 2023ல் 34.5, 39.4 என இரண்டு அளவுகளில் வந்தது. விளம்பரத்தில் கண்ட கி.மீ. கணக்கை மறந்து விடுங்கள். முதலில் வந்த நெக்ஸானுக்குச் சான்றிதழில் 312 கி.மீ. என்று இருந்தது. ஏ.சி. போட்டு, ஆட்களை ஏற்றிக் கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே நல்லது.

பெட்ரோல் காரில் என்ஜின் தேய்ந்தாலும் டேங்க் சுருங்காது. எலக்ட்ரிக் வண்டியில் மோட்டார் நன்றாகவே இருக்கும், டேங்க்தான் வருடா வருடம் சுருங்கும். அந்த டேங்க்தான் வண்டியின் விலையில் பெரும்பங்கு. வாரண்டி முடிந்த பிறகு மாற்ற வேண்டி வந்தால் பல லட்சம் ஆகும். ஆகவே பழைய எலக்ட்ரிக் வண்டி வாங்குவது என்பது பழைய பேட்டரி ஒன்று வாங்குவதுதான். பெயிண்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் அதோடு ஒட்டிக் கொண்டு வருபவை.

எது பேட்டரியைச் சுருக்குகிறது? வயது, வெப்பம், எத்தனை முறை நிரப்பிக் காலி செய்தோம் என்பது, இவை மூன்றும். முழு சார்ஜ் ஏற்றிக் கொளுத்தும் வெயிலில் நாள் கணக்கில் நிறுத்தி வைப்பது கெடுதல். வேக சார்ஜரிலேயே தினமும் ஏற்றுவதும் நல்லதில்லை. அதனால் குறைந்த கி.மீ. ஓடிய வண்டி என்றால் பேட்டரி நன்றாக இருக்கும் என்று எண்ணி விடாதீர்கள். ஷோரூம் வாசலில் முழு சார்ஜுடன் வெயிலில் காய்ந்த வண்டியை விட, தினமும் அலுவலகம் போய்வந்து வீட்டு நிழலில் மெதுவாகச் சார்ஜ் ஆன வண்டி எவ்வளவோ மேல்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே போனில் பாதி வேலையை முடித்து விடலாம். மத்திய அரசின் எம்பரிவாகன் அப்ளிகேஷனில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், கடன் விவரம் எல்லாம் வரும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

நம்பர் பிளேட்டையும் கவனிக்கவும். எலக்ட்ரிக் வண்டிகளுக்குப் பச்சை பிளேட். எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. இன்று வெள்ளை எழுத்தாக இருந்தாலும் பதிவு ஆவணத்தில் முன்பு வாடகை வண்டியாக இருந்ததா என்று பாருங்கள். டாக்சியாக ஓடியது என்றால் பெரும்பாலும் வேக சார்ஜரிலேயே வளர்ந்திருக்கும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது ஒன்றரை, ஒன்று அறுபது லட்சம் கி.மீ. என்பது வழக்கம். இந்த 8 ஆண்டு முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. உரிமையாளர் மாறினால் வாரண்டியே மாறும் வண்டிகளும் உண்டு. 2024ல் வந்த எம்.ஜி. வின்ட்சருக்கு 'வாழ்நாள் வாரண்டி' என்று விளம்பரம் செய்தார்கள். அது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவதாக வாங்குபவருக்கு 8 ஆண்டு, 1,60,000 கி.மீ.தான். விற்பவர் சொல்வதைக் கேட்காமல் வாரண்டி புத்தகத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் 70 என்று வைத்திருக்கின்றன. இந்த 70 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

நிறுவனம் திரும்ப அழைத்த வண்டியா என்பதையும் சேசிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். 2020 டிசம்பரில் ஹூண்டாய் இந்தியா 456 கோனா வண்டிகளை பேட்டரி சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. அப்படி அழைக்கப்பட்டு வேலை முடிந்த வண்டி என்றால் தப்பில்லை. வேலை முடியாமலே கை மாறியிருந்தால்தான் கவலை.

வெள்ளம் பார்த்த வண்டியா என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் பெருமழையும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்று நமக்குத் தெரியும். ஐ.பி.67 தரப் பேட்டரி 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் 30 நிமிடத்தில் வடிவதில்லையே! சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், திரும்பி வந்து விடுங்கள்.

டாங்கிளைச் செருகினேன்

நான் திருச்சியில் அந்த வண்டியைப் பார்க்கப் போனபோது கையில் எடுத்துச் சென்றது ஒரு தீப்பெட்டி அளவு புளூடூத் டாங்கிள். இ.எல்.எம்.327 வகை. ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் ஓ.பி.டி. என்ற 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகி, வண்டியை ஆன் செய்து, போனில் கார் ஸ்கேனர் போன்ற ஓர் அப்ளிகேஷனைத் திறந்தால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பேசுவதைக் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல். பெட்ரோல் வண்டிகளுக்கு ஓ.பி.டி. மொழி பொதுவானது. எலக்ட்ரிக் பேட்டரியின் தகவல்களுக்கு அப்படிப் பொது மொழி இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கும். எனவே நீங்கள் பார்க்கப் போகும் மாடலுக்கான ப்ரொஃபைல் அந்த அப்ளிகேஷனில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக் கொள்ளவும். படிப்பதோடு நிறுத்துங்கள். எரர் கோடுகளை அழிக்கும் பட்டனை மறந்தும் தொடாதீர்கள். பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் தெரியும். அவற்றில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் ஓடுகிறது, கை வைக்கவே வேண்டாம்.

போனில் முதலில் பார்த்தது பேட்டரியின் ஆரோக்கிய சதவீதம். 96 என்றது. அடுத்து செல்களின் வோல்டேஜ். பெரிய பேட்டரி என்பது சிறிய செல்கள் பலவற்றின் தொடர். 3.2 வோல்ட் செல் 100 சேர்ந்தால் 320 வோல்ட். தொடராகக் கட்டியிருப்பதால் ஒரு செல் இளைத்தால் போதும், மற்ற 99 செல்லிலும் சத்து இருந்தாலும் எடுக்க முடியாது. அதனால் மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். நின்ற நிலையில் 12 மில்லி வோல்ட் காட்டியது. மிக நல்ல எண்.

டயர்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கும் புதிது. பேட்டரியின் எடையால் இந்த வண்டிகளில் டயர் சீக்கிரம் தேயும், அதனால் சந்தேகப்படவில்லை. குனிந்து அடிப்பக்கம் போனின் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியில் அடி, நசுங்கல் எதுவும் இல்லை.

"என்ன மாப்ளே, முடிச்சிடலாமா?" என்றார் மாமா. விற்பவர் பேனாவை எடுத்து விட்டார்.

நானும் தலையாட்டத்தான் இருந்தேன். ஆனால் அந்த 96 உறுத்திக் கொண்டே இருந்தது. நம் ஊர் வெயிலில் நான்கு வருடம் இருந்த பேட்டரி 4 சதவீதம் மட்டும் இழந்திருக்குமா? இருக்கக் கூடும். ஆனால் யார் சொல்கிறார்கள்? பேட்டரியை நிர்வகிக்கும் பி.எம்.எஸ். என்ற சின்னக் கம்ப்யூட்டர் சொல்கிறது. டேஷ்போர்டுக்கு எண் கொடுப்பதும் அதுதான், என் டாங்கிளுக்கு எண் கொடுப்பதும் அதுதான். இரண்டு இடத்தில் ஒரே எண்ணைப் பார்த்து விட்டு இரண்டு சாட்சி என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். சாட்சி ஒன்றுதான்!

அந்த ஒற்றைச் சாட்சியும் தவறலாம். 2015 வாக்கில் இலங்கையில் ஜப்பானில் ஓடிய பழைய நிசான் லீஃப் கார்கள் நிறைய இறங்கின. அந்த வண்டியின் டேஷ்போர்டில் பேட்டரி ஆரோக்கியத்துக்கு 12 கோடுகள். கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைந்த பிறகுதான் முதல் கோடு மறையும். லீஃப் வண்டிகளில் பி.எம்.எஸ்.ஸை ரீசெட் செய்து விட்டால் கிழட்டுப் பேட்டரியும் சில வாரங்களுக்கு 12 கோடு காட்டும் என்பது அந்த வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மோசடி இல்லாமலும் தவறு நடக்கலாம். எல்.எஃப்.பி. வகை பேட்டரிகளில் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எப்போதாவது 100 வரை ஏற்றினால்தான் பி.எம்.எஸ். தன் கணக்கைச் சரி செய்து கொள்ளும். எப்போதும் 40க்கும் 80க்கும் நடுவிலேயே ஓட்டிய வண்டியில் அது பழைய கணக்கையே ஒப்பித்துக் கொண்டிருக்கும்.

"மாமா, புதுக்கோட்டை வரை போய்வந்து விட்டுப் பேசலாம்" என்றேன். விற்பவருக்கு முகம் சுருங்கியது. பத்து நிமிடம் ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பதுதானே வழக்கம்! அவருடைய பையனையும் உடன் அனுப்பச் சொல்லி, சார்ஜ் செலவும் எங்களுடையது என்றதும் ஒத்துக் கொண்டார்.

மாத்தூரில் நடந்தது

டி.வி.எஸ். டோல்கேட்டில் கிளம்பும்போது 70 சதவீதம். நான்கு பேர், ஏ.சி. 24ல். விமான நிலையம், மாத்தூர், கீரனூர் தாண்டிப் புதுக்கோட்டை. 80ஐத் தாண்டாமல் ஓட்டினோம். வண்டி ஓசையே இல்லாமல் அருமையாகப் போனது. ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று காட்டியது. புதுக்கோட்டையில் அக்கா கையால் காபி. அக்கா வெளியே வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, "கால் நீட்ட இடம் இருக்கு" என்றாள். மாமா மனதளவில் வாங்கியே விட்டார்.

திரும்பும்போது நான் பின் சீட்டில் போனைப் பார்த்துக் கொண்டே வந்தேன். 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் செல் வித்தியாசம் ஏற ஆரம்பித்தது. 12ஆக இருந்தது 40, பிறகு 70. லாரியை முந்துவதற்காக மாமா ஆக்சிலேட்டரை அழுத்தியபோதெல்லாம் 150ஐத் தொட்டு இறங்கியது. ஒவ்வொரு முறையும் தாழ்ந்த செல் என்று வந்தது ஒரே எண், 47. நின்ற நிலையில் நல்ல பிள்ளையாக இருந்த செல், சுமை ஏற்றியதும் முதலில் களைத்தது.

மாத்தூரை நெருங்கும்போது டேஷ்போர்டு 32 காட்டியது. ஒரு மேம்பாலம் ஏறினோம். செல் வித்தியாசம் 210. பாலம் இறங்கும்போது டேஷ்போர்டில் 24. அடுத்த கிலோமீட்டரில் 16. பிறகு 9. ஏ.சி. தானாகவே பலவீனமானது. வண்டியின் வேகத்தையும் அது குறைத்துக் கொண்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக் கொண்டே ஒதுங்கிப் போனது.

மாமா ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரியும் அவர் எதை நினைத்தார் என்று. வைத்தியம் முடிந்து அக்கா அதே பின் சீட்டில் படுத்திருக்க, இரவு ஒன்பது மணிக்கு இதே சாலையில் இது நடந்திருந்தால்?

சார்ஜர் பில் என்ற இரண்டாவது சாட்சி

ஓரமாக 40 வேகத்தில் ஊர்ந்து, வழியில் இருந்த ஒரு வேக சார்ஜரைப் பிடித்தோம். இங்கேதான் எனக்குத் தேவையான இரண்டாவது சாட்சி கிடைத்தது. பொது சார்ஜரில் எத்தனை யூனிட் ஏறியதோ அத்தனைக்குத்தான் பில். அந்த மீட்டருக்கும் வண்டியின் பி.எம்.எஸ்.ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

9 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்றினோம். 80 வரை சீக்கிரம் ஏறும், அதன் பிறகு ஆமை வேகம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பையன் பொறுமை இழந்து போன் பேசிக் கொண்டிருந்தான். பில் வந்தது: 26.1 யூனிட், 600 ரூபாய் சொச்சம்.

கணக்கைப் பாருங்கள். ஏறியது 91 சதவீதம். சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவது சுமார் 6 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். அதைக் கழித்தால் பேட்டரிக்குள் போனது 24.5. அதை 0.91ஆல் வகுத்தால் முழுக் கொள்ளளவு 27 யூனிட். 40 யூனிட் ரகப் பேட்டரி அது. பெட்டியில் எழுதிய அளவு முழுவதும் ஓட்டக் கிடைக்காது, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் பூட்டி வைத்திருப்பார்கள். புதிதில் 38 கிடைத்திருக்கும் என்று வைத்தாலும் 27ஐ 38ஆல் வகுத்தால் 71 சதவீதம். டாங்கிள் சொன்னது 96!

கவனியுங்கள், 71. வாரண்டியில் மாற்றித் தர 70க்குக் கீழே போக வேண்டும். அதாவது மாற்றவும் முடியாது, நம்பி ஓட்டவும் முடியாது என்ற இடத்தில் அந்தப் பேட்டரி நின்றது.

விற்பவரிடம் பில்லைக் காட்டினேன். "இப்படியெல்லாம் யாரும் பார்க்கிறதில்லை சார்" என்றார். உடனே ஒரு லட்சம் குறைத்தார். மாமா என்னைப் பார்த்தார். எனக்கும் சபலம்தான். வாரண்டி இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, ஒரு வருடத்தில் 69 ஆகி விட்டால் புதுப் பேட்டரியே கிடைக்குமே என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் பேட்டரியை வெளியில் யாராவது பிரித்திருந்தால் வாரண்டியே செல்லாது. "நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போய்ப் பேட்டரி அறிக்கை வாங்குவோம், கட்டணம் நான் தருகிறேன்" என்றேன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அவர் தெரிந்தே மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் யாரிடமோ வாங்கியவர்தான். ஆனால் அந்த ஒரு மறுப்புக்குப் பிறகு எழுந்து வந்து விட்டோம்.

கீறல் விழுந்த வெள்ளை வண்டி

இரண்டு வாரம் கழித்துத் தஞ்சாவூரில் இன்னொன்று. கல்லூரிப் பேராசிரியர் ஒருவருடைய சொந்த வண்டி. 61 ஆயிரம் கி.மீ., இடது கதவில் நீளமான கீறல். முதல் வண்டியை விட வயதும் ஆறு மாதம் அதிகம். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கிலேயே இரவில் சார்ஜ் செய்ததாகச் சொன்னார். கார் ஷெட்டுக்குள் நிழலில் பிளக் இருந்ததைப் பார்த்தேன். கேட்காமலே சர்வீஸ் பில்களை ஃபைலோடு எடுத்து வைத்தார். 12 வோல்ட் சின்ன பேட்டரியைச் சமீபத்தில் மாற்றிய பில்லும் இருந்தது. இந்தச் சின்ன பேட்டரி பலவீனமானால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். பலர் இதைப் பார்த்துப் பயந்து போய் நல்ல வண்டியை விட்டு விடுகிறார்கள்.

டாங்கிள் 91 காட்டியது. இந்த முறை தலையாட்டவில்லை. 85லிருந்து 15 வரை ஓட்டினோம். செல் வித்தியாசம் கடைசி வரை 40ஐத் தாண்டவில்லை. சதவீதம் படி இறங்குவது போல ஒழுங்காக இறங்கியது. சார்ஜர் பில்லை வைத்துக் கணக்குப் போட்டால் 89. இரண்டு சாட்சியும் ஒத்துப் போயின. இந்தக் கணக்கில் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே வரத்தான் செய்யும். பத்து, இருபது என்று வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

விலை 8 லட்சத்து 60 ஆயிரத்தில் முடிந்தது. தனியார் ஒருவர் தன் சொந்த வண்டியை இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற வியாபாரி விற்றால்தான் உண்டு. 2024 டிசம்பரில் கவுன்சில் பழைய எலக்ட்ரிக் வண்டிகளுக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்தது. அதுவும் வியாபாரியின் லாபத் தொகைக்கு மட்டும்தான், வண்டியின் முழு விலைக்கு அல்ல. யாராவது முழு விலைக்கு 18 சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

புதுக்கோட்டைக்கு வண்டி வந்த அன்று சார்ஜ் ஏறவில்லை. மாமாவின் முகம் வெளுத்து விட்டது. வண்டியில் குறை இல்லை, வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லை. எர்த் இல்லாவிட்டால் சார்ஜர் மின்சாரம் விடாது. எலக்ட்ரீஷியனை அழைத்து வாசலில் புதிதாக எர்த் குழி போட்டோம். வண்டி வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்றையும் நான் கோட்டை விட்டேன். கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் இதை மறந்ததில் வெட்கம்தான். மூன்றாம் நாள் காலை மாமா அக்காவை அழைத்துக் கொண்டு திருச்சி போய்க் கொண்டிருந்தபோது தஞ்சாவூர்ப் பேராசிரியரிடமிருந்து எனக்குப் போன். "சார், வண்டி எல்லை தாண்டிப் போகுதுன்னு என் போன்ல மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. ஆப்பைத் திறந்தா கீரனூர்னு காட்டுது. லாக் செய்யற பட்டன்கூட வேலை செய்யுது போலிருக்கு. நான் தொடலை சார்" என்றார் பதறிப் போய்.

வண்டியில் சிம் இருக்கிறது. பழைய உரிமையாளரின் கணக்கை நீக்காத வரை வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, சார்ஜ் எவ்வளவு என எல்லாமே அவர் போனில் தெரியும். நல்ல மனிதர் என்பதால் போன் செய்து சொன்னார். பழைய லேப்டாப் வாங்கினால் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் வீட்டுக்குள் விட மாட்டேன், இதில் விட்டு விட்டேன். அன்று மாலையே அவர் தன் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கினார். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொடுத்து சர்வீஸ் சென்டரில் மாமாவின் எண்ணைப் பதிவு செய்ய இரண்டு நாள் ஆனது. வண்டிக்குள் சேமித்திருந்த அவருடைய போன் தொடர்புகள், வீட்டு முகவரி ஆகியவற்றை செட்டிங்ஸில் ரீசெட் கொடுத்து நான் அழித்தேன்.

மாமா இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபடியே போனில் ஏ.சி.யைப் போட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து அக்காவைக் கைத்தாங்கலாக வண்டிக்கு அழைத்து வருகிறார்.